நான்கு ஆறுகள் காட்டும் கடல்

சப்ரகமுவ தோட்டக் குடும்பங்களுக்கு ஒரு கடற்கரைப் பயணக் கையேடு

இலங்கையின் ஒன்பது மாகாணங்களில் கடலைத் தொடாதவை நான்கு. அவற்றில் ஒன்று சப்ரகமுவ. இரத்தினபுரி, கேகாலை என்ற அதன் இரண்டு மாவட்டங்களிலும் எங்கே நின்று பார்த்தாலும் கண்ணுக்குத் தெரிவது ரப்பர் மரமும் தேயிலைச் செடியும் மலை முகடும்தான். ஆனால் இந்த மலைகளில் விழும் மழையின் பெரும்பகுதி நான்கு ஆறுகளாகக் கடலுக்கு இறங்குகிறது. எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் பெய்த மழை களனி கங்கையாகிக் கொழும்பு முகத்துவாரத்தில் கலக்கிறது. சிவனொளிபாதமலையின் மடியில் பிறக்கும் களு கங்கை இரத்தினபுரி நகரைத் தொட்டுக்கொண்டு களுத்துறைக்குப் போகிறது. பலாங்கொடைப் பக்கத்து ஓடைகள் வளவை கங்கையில் சேர்ந்து, உடவளவை நீர்த்தேக்கத்தில் தங்கி, அம்பலாந்தோட்டையில் கடலை அடைகின்றன. கேகாலை மலைகளின் மகா ஓயா, பின்னவல யானைகளைக் குளிப்பாட்டிவிட்டு நீர்கொழும்புக்கு வடக்கே கொச்சிக்கடையில் கடலைச் சேர்கிறது.

நம் மழை வருடம் முழுவதும் கடலுக்குப் போகிறது. நம் பிள்ளைகளில் பலர் ஒருமுறைகூடப் போனதில்லை. இரத்தினபுரியிலிருந்து ஹொரணை வழியாகப் பாணந்துறைக் கடற்கரை ஏறத்தாழ 70 கிலோமீற்றர்தான். அப்படியிருந்தும், தோட்டப் பாடசாலை வகுப்பொன்றில் கடலைப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் எல்லாக் கைகளும் எழுவதில்லை.

போகிறவர்களும் பெரும்பாலும் லீவைப் பார்த்துப் போகிறார்கள், காற்றைப் பார்த்துப் போவதில்லை. ஆகஸ்ட் விடுமுறையில் தெற்குக் கடலுக்கு பஸ் பிடித்து, கரையில் சிவப்புக் கொடியைப் பார்த்துவிட்டு, குளிக்காமல் திரும்பி வந்த குடும்பங்கள் உண்டு. கொடியைப் பொருட்படுத்தாமல் இறங்கி, ஒருவரை இழந்து திரும்பிய குடும்பங்களும் உண்டு. எந்த மாதம் எந்தக் கடல் என்று தெரிந்து போனால், சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்துக்கு ஒரு நல்ல நாள் கிடைக்கும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

முதலில் காற்றைப் பாருங்கள்

இலங்கைக்கு இரண்டு பருவக்காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வீசும். சப்ரகமுவ மலைகளில் அடைமழை கொட்டுவதும், ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு நின்று சம்பளம் குறைவதும் இந்தக் காலத்தில்தான். இதே காற்றுதான் நீர்கொழும்பிலிருந்து தங்காலை வரையுள்ள மேற்கு, தெற்குக் கடல்களைக் கொந்தளிக்க வைக்கிறது. அந்த மாதங்களில் நாட்டின் மறுபக்கத்தில், திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும், வெயில் காய்ந்து கடல் அடங்கிக் கிடக்கும்.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குக் காற்று. அப்போது கணக்கு தலைகீழ்: கிழக்கில் மழையும் அலையும், மேற்கிலும் தெற்கிலும் அமைதி. அந்த அமைதி ஏப்ரல் வரை நீடிக்கும்.

பாடசாலை விடுமுறைகளோடு பொருத்தினால் இப்படி வரும். டிசம்பர் விடுமுறையிலும் சித்திரைப் புத்தாண்டிலும் மேற்குக்கோ தெற்குக்கோ போகலாம். ஆகஸ்டில் கிழக்குக்குப் போக வேண்டும். தீபாவளி வருகிற ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் இரண்டு காற்றுக்கும் இடைப்பட்டவை. பிற்பகல் இடியும் மின்னலும் சாதாரணம், புயலும் உருவாகும். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் மலைநாட்டுக்குச் செய்த அழிவை நாம் மறக்கவில்லை. தீபாவளி லீவுக்கு உறவினர் வீடும் கோயிலும் போதும். கடலைத் தள்ளிப் போடுங்கள்.

களனி வழி: ரயிலில் போகும் கடல்

தெரணியகலை, தெஹியோவிட்ட, எட்டியாந்தோட்டைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு மலிவான வழி அவிசாவளை ரயில். ஒரு காலத்தில் இந்தக் களனிப் பள்ளத்தாக்குப் பாதையின் குட்டி ரயில் இரத்தினபுரியையும் தாண்டி ஓப்பநாயக்க வரை ஓடியது. இன்று அது அவிசாவளையோடு நின்றுவிட்டது. அங்கிருந்து கொழும்புக்குப் போய்க் கரையோர ரயிலுக்கு மாறினால், கொள்ளுப்பிட்டியிலிருந்தே தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அலை அடிக்கும். முதன்முறை கடலைப் பார்க்கும் பிள்ளைக்கு ரயில் ஜன்னலைவிட நல்ல இடம் கிடையாது. கிளம்புமுன் ரயில் நேரத்தை நிலையத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

1859இல் அமைந்த காலிமுகத்திடல் குளிப்பதற்கான கரை இல்லை. பட்டம் விடவும், இறால் வடை தின்னவும், பாட்டியை உட்கார வைத்துச் சூரியன் இறங்குவதைக் காட்டவும் ஏற்ற திடல். கொழும்பில் ஒரு முழு நாள் இருக்கிறது என்றால், காலையில் தெஹிவளை மிருகக்காட்சிசாலை, மாலையில் பக்கத்திலுள்ள கல்கிசைக் கடற்கரை என்று வகுத்துக்கொள்ளலாம். 2022 செப்டம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரத்தின் உச்சியிலிருந்து கடலும் துறைமுகமும் ஒன்றாகத் தெரியும்.

கொழும்புக் குழாயில் வரும் தண்ணீரின் பெரும்பகுதி அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்து எடுக்கப்படுகிறது. எட்டியாந்தோட்டை மலையில் பெய்த மழையைத்தான் தலைநகரம் குடிக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். தாம் எங்கிருந்து வந்திருக்கிறோம் என்பதை அவர்கள் கூச்சமில்லாமல் சொல்ல அது உதவும்.

மகா ஓயா வழி: யானையும் கடலும் ஒரே நாளில்

கேகாலை, மாவனெல்லை, றம்புக்கனைப் பக்கத்தவர்களுக்கு உலகமே தேடி வரும் இடம் வீட்டுக்கு அருகிலேயே இருக்கிறது. 1975இல் தொடங்கப்பட்ட பின்னவல யானைகள் சரணாலயம் அது. காலையிலும் பிற்பகலிலும் யானைக்கூட்டம் வீதியைக் கடந்து, இருபுறமும் கடைகள் நெருங்கிய சின்னத் தெருவுக்குள் நுழையும். கடைக்காரர்கள் வாசலில் தொங்கும் துணிகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். பாகன்மாரின் குரல் முன்னால் வரும், யானைகளின் காலடி மணலில் மெத்தென்று பின்னால் வரும். குட்டிகள் தாய்களின் வயிற்றடியிலேயே ஒட்டிக்கொண்டு நடக்கும். தெரு முடிகிற இடத்தில் பாறைகள் நிறைந்த மகா ஓயா. முதல் யானை தண்ணீரில் சாய்ந்து படுத்ததும் கரையில் நிற்கும் பிள்ளைகள் போடுகிற கூச்சலைக் கேட்பதற்காகவே ஒருமுறை போக வேண்டும்.

இலங்கையருக்கு நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவரைவிட மிகக் குறைவு. அடையாள அட்டையைக் கையோடு வைத்திருங்கள். காலைக் குளியலைப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குள் கிளம்பினால் மாலைக்கு நீர்கொழும்பு சேரலாம். அங்கே மீன் சந்தை, களப்பு, பழைய ஒல்லாந்தர் கால்வாய், நீண்ட மணற்கரை எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. காலையில் யானை குளித்த ஆறு கடலில் விழுகிற இடமும் அங்கிருந்து தூரமில்லை.

களு கங்கை வழி: வெள்ளம் தின்ற கரை

இரத்தினபுரிக்கும் களுத்துறைக்கும் ஓர் ஆற்று உறவு உண்டு. களுத்துறையில் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடந்த மணல்திட்டுத்தான் கலிடோ கடற்கரை. ஒரு பக்கம் ஆறு அசையாமல் கிடக்கும், மறுபக்கம் அலை அடிக்கும். 2017 மே மாதத்தில் இரத்தினபுரி மூழ்கியபோது, வெள்ளம் சீக்கிரம் வடியட்டும் என்று அந்த மணல்திட்டு வெட்டிவிடப்பட்டது. வெட்டிய வாயைக் கடல் அகலமாக்கியது, கரையின் பெரும்பகுதி கரைந்து போனது. பிறகு மணல் கொண்டுவந்து கொட்டிக் கரையை மீட்க வேண்டியிருந்தது. மலையில் விழும் மழை கடற்கரையையும் மாற்றும் என்பதற்குப் பிள்ளைகளுக்குக் கண்முன் காட்டக்கூடிய பாடம் இது.

களுத்துறைக்குத் தெற்கே பேருவளை, பெந்தோட்டை. பெந்தோட்டையில் ஆற்றில் படகுச் சவாரி, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடலில் குளியல். அதற்கும் தெற்கே கொஸ்கொடவில் ஆமை முட்டைகளைப் பாதுகாத்துக் குஞ்சு பொரிக்கும் நிலையங்கள் உள்ளன. உலகிலுள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து வகை இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. ஆமைக் குஞ்சைக் கையில் தூக்க அனுமதித்தாலும் தூக்க வேண்டாம். கண்ணால் பார்த்தால் போதும்.

ஹிக்கடுவையில் அடியில் கண்ணாடி பதித்த படகிலிருந்து பவளப்பாறைகளைப் பார்க்கலாம். காலிக் கோட்டை 1988 முதல் உலக மரபுரிமைச் சின்னம். அதன் மதில்மேல் நடக்கக் கட்டணம் இல்லை. வழியில் பெரலியவில் நிற்பது நல்லது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் ஒரு ரயிலோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் அங்கே போயின. நினைவுச் சின்னத்தின் முன் ஐந்து நிமிடம் நின்று, கடல் திடீரென்று உள்வாங்கினால் உயரமான இடத்துக்கு ஓட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கேயே சொல்லிக் கொடுங்கள்.

வளவை வழி: காட்டிலிருந்து கடலுக்கு

பலாங்கொடை, காவத்தை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பெரும்பாலான ட்ரிப் பஸ்கள் பழக்கத்தில் கொழும்புக்கே திரும்புகின்றன. அந்தத் தோட்டத்தவர்களுக்குத் தெற்குக் கடல் நல்ல வழி. பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய வழியாக நோனாகமைக்கு இறங்கும் வீதி நேரே கரையோர வீதியில் சேர்கிறது.

இந்த வழியில் முதல் நிறுத்தம் உடவளவை. தேசிய பூங்கா 1972இல் பிரகடனப்படுத்தப்பட்டது. ஜீப் சவாரிக்குப் பணம் போதாத குடும்பங்கள், 1995இல் தொடங்கிய யானைக் குட்டிகள் இடைத்தங்கல் நிலையத்துக்குப் போகலாம். தாயை இழந்த குட்டிகளை வளர்த்து மீண்டும் காட்டுக்கே விடுகிறார்கள். பாலூட்டும் நேரத்தில் மட்டும் பார்வையாளர் தள்ளி நின்று பார்க்கலாம், தொட முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் குட்டிகள் வரிசையாக ஓடிவந்து, குழாயில் பாலைக் குடித்துவிட்டு, இன்னொரு முறை கிடைக்குமா என்று நின்று பார்க்கும்.

அங்கிருந்து அம்பலாந்தோட்டை. பக்கத்து ரிதியகம சபாரி பூங்காவில் பஸ்ஸுக்குள் இருந்தபடியே விலங்குகளைப் பார்க்கலாம். மேற்கே திரும்பினால் தங்காலை. அதையடுத்துக் குடாவெல்லையில் பாறை இடுக்கு வழியாகக் கடல்நீர் பீறிட்டு எழும் ஊதுதுளை. தங்காலை அழகான கரை, ஆனால் பல இடங்களில் உடனே ஆழமாகிவிடும். உள்ளூர்க் குடும்பங்கள் குளிக்கிற குடாக்களில் மட்டும் இறங்குங்கள்.

ஆகஸ்டில் கிழக்கு

இரத்தினபுரி நகருக்குள் ஓடும் ஏ4 வீதியை நாம் கொழும்பு வீதி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதன் மறுமுனை மட்டக்களப்பு. பலாங்கொடை, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் என்று போய்க் கிழக்குக் கடலைத் தொடும். கேகாலைக்காரர்களுக்கும் இதேபோல் ஒரு வாசல் உண்டு. திருகோணமலை வீதியான ஏ6 தொடங்குவதே கேகாலை மாவட்டத்து அம்பேபுஸ்ஸையில்.

சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு என் முதல் தெரிவு பாசிக்குடா. வெளியே உள்ள பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடுவதால், இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடக்கலாம். நீச்சல் தெரியாத அம்மாவும் பயமில்லாமல் நனையக்கூடிய கடல் இது.

திருகோணமலையில் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்றுக் கிணறுகள், கோட்டைக்குள் மேயும் மான்கள் ஆகியவை வயதானவர்களுக்கு. நிலாவெளியும் உப்புவெளியும் பிள்ளைகளுக்கு. நிலாவெளியிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாத்தீவு, 2003 முதல் தேசிய பூங்கா. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டும் படகுக் கட்டணமும் தனித்தனி. அங்கே பவளத்தின் மேல் கால் வைக்கக் கூடாது. வளர ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்ட உயிர் ஒரு மிதியில் உடைந்துவிடும்.

தமிழில் பேசி வழி கேட்டு, தமிழில் விலை பேசி, தமிழ்ப் பலகை பார்த்து நடக்கும் கடற்கரை கிழக்கில் கிடைக்கும். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் சப்ரகமுவ தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைக்கு அது தனி அனுபவம்.

தீவுகள் இரண்டு

யாழ்ப்பாணம் வரை போக இரண்டு மூன்று நாள் கிடைத்தால் நயினாதீவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குறிகாட்டுவான் இறங்குதுறை வரை பஸ், பிறகு படகு. நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் ஒரே தீவில். படகில் உயிர்காப்பு அங்கியை எல்லோரும் அணியுங்கள். பிள்ளைக்கு அங்கி இல்லை என்றால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள்.

மற்றது மன்னார்த் தீவு. குளிப்பதற்காக அல்ல, நம் வரலாற்றுக்காகப் போக வேண்டிய கரை அது. காப்பிக் காலத்தில் நம் முன்னோர் தோணியில் வந்திறங்கி மாத்தளை நோக்கி நடந்தது அந்தப் பக்கத்திலிருந்துதான். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று கணக்கெழுதி, குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றி அனுப்பியது தலைமன்னாரிலிருந்து. 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். கொழும்பிலிருந்து தலைமன்னார் போகும் ரயில்பாதை கேகாலைக்கு அருகிலுள்ள பொல்காவலை வழியாகவே செல்கிறது. உயர்தரம் படிக்கும் பிள்ளைகளையாவது ஒருமுறை அந்த இறங்குதுறைக்கு அழைத்துப் போங்கள்.

தண்ணீரில் இறங்குமுன்

ஆற்றில் நீந்தத் தெரிந்த தோட்டத்துப் பையன்தான் கடலில் அதிகம் ஏமாறுகிறான். ஆறு ஒரு திசையில் ஓடும். கடல் கரைக்கு வந்து திரும்பும். அலைகள் கரையில் குவிக்கும் நீர் ஒடுக்கமான ஒரு வாய்க்காலாகி வேகமாக உள்ளே திரும்பும். அந்த இடத்தில் அலை உடையாது. பார்ப்பதற்கு மற்ற இடங்களைவிட அமைதியாகத் தெரியும். பழக்கமில்லாதவர்கள் அதைப் பார்த்துத்தான் இறங்குகிறார்கள்.

அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். காப்பாற்ற நினைப்பவர் தானும் குதிக்காமல் வெற்றுக் கலனையோ கயிற்றையோ வீச வேண்டும்.

சிவப்புக் கொடி பறந்தால் யாரும் இறங்க வேண்டாம். சிவப்பும் மஞ்சளும் கலந்த இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும் குளியுங்கள். உயிர்காப்பாளர் இல்லாத கரையில் முழங்காலுக்கு மேல் போகாதீர்கள். நனைந்த சேலையும் துப்பட்டாவும் காலைச் சுற்றும், உடுப்பை முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். குடித்தவர் கடலில் இறங்கக் கூடாது. இதைச் சொல்லித் தடுக்கும் துணிவு ட்ரிப் பொறுப்பாளருக்கு இருக்க வேண்டும். அம்பியூலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119.

மழைக்காலத்தில் திரும்பும் வழியும் ஆபத்தானது. 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புலத்கொஹுபிட்டியவிலும் மண்சரிவு எத்தனை பேரைக் கொண்டுபோனது என்பது நமக்குத் தெரியும். கிளம்புமுன் வானிலை அறிவிப்பையும் மண்சரிவு எச்சரிக்கையையும் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

யார் செய்ய வேண்டும்?

தோட்டத்து நாள் சம்பளத்தில் நான்கு பேர் உள்ள குடும்பம் தனியாகக் கடலுக்குப் போவது கடினம். அதனால்தான் லயத்தில் சீட்டுப் பிடித்து, பஸ் பேசி, விடியுமுன் புளிச்சோறும் ரொட்டியும் கட்டிக்கொண்டு போகிறோம். அந்தக் கட்டுச்சோற்றுக்காக முதல் நாள் முழுக்கக் கொழுந்தெடுத்த பெண்கள் இரவும் கண்விழிக்கிறார்கள். அன்றைய சமையலை ஆண்களும் பங்கிட்டுக்கொள்ளட்டும். மலசலகூடமும் உடைமாற்றும் இடமும் உள்ள கரையை மட்டும் தெரிவு செய்யுங்கள். பெண்களுக்கு அது ஓய்வு நாளாக இருக்க வேண்டும்.

பாடசாலை அதிபர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பாடசாலையின் ஒவ்வொரு பிள்ளையும் ஐந்தாம் ஆண்டை முடிப்பதற்குள் ஒருமுறையாவது கடலைப் பார்க்கட்டும். பணம் கட்ட முடியாத பிள்ளையின் பங்கைக் கோயில் கமிட்டியும் பழைய மாணவர்களும் ஏற்கட்டும். தோட்ட நிர்வாகங்கள் லொறிக்குக் கொடுக்கும் டீசலில் ஒரு பங்கை வருடத்தில் ஒரு நாள் பிள்ளைகளின் பஸ்ஸுக்குக் கொடுத்தால் குறைந்துவிடாது. தொழிற்சங்கங்கள் சம்பளத்தைப் போலவே ஓய்வையும் பேசவேண்டிய உரிமையாகக் கொள்ளட்டும்.

டிசம்பரிலும் சித்திரையிலும் மேற்கும் தெற்கும், ஆகஸ்டில் கிழக்கு. இந்த ஒரு வரியை லயத்துச் சுவரில் எழுதி வையுங்கள். அடுத்த சம்பள நாளில் சீட்டைத் தொடங்குங்கள்.